தடுத்து நிறுத்தும் கரம்



புத்தாண்டு பிறந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஜப்பான் நாட்டு இல்லங்களில் ஒரு விந்தையான காட்சியைக் காணலாம். பாட்டனார் முதல் பேரக்குழந்தை வரை அனைவரும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, காலை 8 மணி முதல் பிற்பகல் வரை, பல்கலைக்கழக மாணவர் சிலர் சாலையில் ஓடுவதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பர். பந்து இல்லை; கோல் இல்லை; கைகலப்பு இல்லை. குளிர்காற்றில் மூச்சு வெண்புகையாய் வெளிவர, ஓர் இளைஞன் ஓடுகிறான். அவனுக்குப் பின் இன்னோர் இளைஞன் ஓடுகிறான். இதில் ஒரு நாடே ஒன்றிப்போகிறதென்றால், அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டுமன்றோ?

அப்போட்டியின் பெயர் ஹகோனே எகிடென். தலைநகர் டோக்கியோவின் ஓட்டெமாச்சி என்னும் பகுதியிலிருந்து ஹகோனே மலைமீதுள்ள அஷி ஏரிக்கரை வரை ஜனவரி 2ஆம் நாள் ஓடிச் சென்று, 3ஆம் நாள் திரும்பி வரவேண்டும். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 217 கிலோமீட்டர். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சார்பிலும் பத்து மாணவர் ஓடுவர். போகும்போது ஐவர், வரும்போது ஐவர். ஒவ்வொருவர் பங்கும் 20 முதல் 23 கிலோமீட்டர். பண்டைக் காலத்தில் அரச ஓலைகளைச் சாவடிக்குச் சாவடி குதிரை மாற்றிக் கொண்டுசென்ற அஞ்சல் முறையின் பெயரே 'எகிடென்' என்பது. 1987ஆம் ஆண்டு முதல் இப்போட்டி நேரடியாக ஒளிபரப்பாகி வருகிறது.

தோளில் ஒரு துணிப்பட்டை

நம் ஊர்த் தொடர் ஓட்டங்களில் கையில் ஒரு கோலைக் கொடுத்து அனுப்புவோம். இவர்களோ ஒரு துணிப்பட்டையை மாலைபோலத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக அணிந்து ஓடுகின்றனர். 'தசுக்கி' என்பது அதன் பெயர். அகலம் 6 சென்டிமீட்டர், நீளம் 1.6 முதல் 1.8 மீட்டர். எடையென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அந்தப் பட்டையை அணிந்தவனுக்கு அதைவிடக் கனமான பொருள் உலகில் வேறெதுவுமில்லை. தன் பங்கு முடியுமிடம் நெருங்கியதும் அவன் அதைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொள்கிறான்; எதிரே கை நீட்டி நிற்கும் தோழனிடம் ஒப்படைக்கிறான்; பெரும்பாலும் அங்கேயே தரையில் சாய்கிறான். முன்னே ஓடியவர்களின் வியர்வை அனைத்தும் அப்பட்டையில் ஊறியிருக்கும்.

அதை ஒப்படைக்க இயலாமற் போவதும் உண்டு. முன்னணி அணி கடந்து சென்ற பின் இடத்திற்கேற்ப 10 முதல் 20 நிமிடங்களுக்குள் ஓர் அணியின் வீரன் வந்து சேரவில்லையெனில், சாலைப் போக்குவரத்தை முன்னிட்டு, அடுத்த வீரனை வேறொரு பொதுப் பட்டையுடன் அனுப்பிவிடுவர். சில வினாடிகள் தாழ்ந்து வந்தவன், தன் தோழன் புறப்பட்டுச் சென்ற வெற்றிடத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுவதை ஆண்டுதோறும் காணலாம். பட்டை அறுந்துவிட்டது என்று அதனைக் கூறுவர். பரிசு இழந்ததைவிட இதுவே அவர்களுக்குப் பெருந்துயரம்.

தோல்வியில் பிறந்த போட்டி

இப்போட்டியைத் தோற்றுவித்த முன்னோடியான ஷிசோ கனகுரி என்பவரின் வரலாறு நம் இல்லங்களில் எடுத்துச் சொல்லத்தக்கது. 1912ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிக்கு ஜப்பான் முதன்முறையாக வீரர்களை அனுப்பியது. மராத்தான் ஓட்டத்திற்குச் சென்ற கனகுரி இருபது வயது மாணவர். கப்பலிலும் சைபீரிய இரயிலிலுமாக இரண்டு வாரங்களுக்கு மேல் பயணம் செய்து களைத்துப்போயிருந்தார். போட்டி நாளன்று கடும் வெயில். புறப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரே ஓட்டத்தை முடித்தனர். கனகுரி வழியில் மயங்கி விழுந்தார். அருகிலிருந்த ஒரு வீட்டார் அவரைத் தம் தோட்டத்தில் கிடத்திப் பேணினர். உணர்வு தெளிந்த அவர், நடுவர்களுக்கும் தெரிவிக்காமல், வெட்கத்துடன் தம் நாடு திரும்பினார்.

அதே நாளில், அதே சாலையில், போர்ச்சுகல் நாட்டு வீரர் பிரான்சிஸ்கோ லாசரோவும் விழுந்தார். வெயிலுக்குத் தற்காப்பாக உடலெங்கும் அவர் பூசியிருந்த கொழுப்பு, வியர்வை வெளியேறுவதைத் தடுத்துவிட்டதாகக் கூறப்படுகிறது. அவர் மறுநாள் உயிர்துறந்தார்.

இவ்விருவரில் யார் வீரர், யார் கோழை என்று கேட்பது பேதைமை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அன்று ஓட்டம் தடைப்பட்டு உயிர் பிழைத்த மாணவர், தம் நாட்டு இளைஞர்களை நெடுந்தூர ஓட்டத்திற்கு ஆயத்தப்படுத்துவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். ஒருவர் ஒருவராகப் பயிற்றுவித்தால் காலம் போதாது. பத்துப் பத்துப் பேராக ஓடவைத்தால் ஒரு தலைமுறையே உருவாகும் என்று அவரும் அவர்தம் நண்பர்களும் எண்ணினர். அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காக ஓடிக் கடக்க வேண்டும் என்ற கனவும் அவர்களுக்கு இருந்தது. ராக்கி மலைத்தொடருக்குப் பழகவே ஹகோனே மலையைத் தேர்ந்தனர் என்பர்.

1920ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் முதற்போட்டி நடந்தது. வசேடா, கெயோ, மெய்ஜி, டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என நான்கு அணிகளே பங்கேற்றன. மாணவர் படிப்புக் கெடலாகாது என்று காலை வகுப்புகள் முடிந்தபின் பிற்பகல் 1 மணிக்கே ஓட்டம் தொடங்கிற்று. ஆகவே மலையேறும் வீரர்களை இருள் சூழ்ந்துகொண்டது. ஊர் மக்கள் தீப்பந்தம் ஏந்தி வழிகாட்டினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஐந்து ஆண்டுகள் போட்டி நடைபெறவில்லை. 1943இல் ஒருமுறை நடந்தது. அதில் ஓடிய மாணவர் சிலர் போர்முனைக்குச் சென்று திரும்பவேயில்லை. 1947இல் மீண்டும் தொடங்கி, 2024இல் நூறாவது போட்டியைக் கண்டது.

கனகுரியின் கதைக்கு இனியதொரு முடிவும் உண்டு. 1967ஆம் ஆண்டு சுவீடன் நாட்டார் அவரை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்து, விட்ட ஓட்டத்தை முடித்துவைத்தனர். அவரது நேரம் 54 ஆண்டுகள், 8 மாதங்கள், 6 நாட்கள், 5 மணி, 32 நிமிடங்கள், 20.3 வினாடிகள் என்று அறிவிக்கப்பட்டது. உயிரோடிருந்தவருக்கே அவ்வாய்ப்புக் கிட்டியது.

பன்னிரு மாதத் தவம்

இனி, ஆயத்தத்தைப் பற்றிச் சிறிது காண்போம். ஜனவரியில் ஓடும் ஒரு மணி நேரத்திற்காக அம்மாணவர் ஆண்டு முழுவதும் உழைக்கின்றனர். பெரும்பாலோர் அணி விடுதியில் ஒன்றாக வாழ்கின்றனர். விடியுமுன் எழுந்து ஓடுகின்றனர். பின் வகுப்புக்குச் செல்கின்றனர். மாலையில் மீண்டும் ஓடுகின்றனர். கோடையில் வெப்பம் குறைந்த மலைப்பகுதிகளுக்குச் சென்று முகாமிட்டு, நெடுந்தூரம் ஓடி உடலை உரமேற்றுகின்றனர். முந்திய போட்டியில் முதல் பத்து இடங்களைப் பெற்ற அணிகளுக்கு அடுத்த ஆண்டு இடம் உறுதி. ஏனையோர் அக்டோபர் மாதம் நடைபெறும் தகுதிப் போட்டியில் வென்றாக வேண்டும்.

டிசம்பரில் ஒவ்வோர் அணியும் 16 பெயர்களை அறிவிக்கும். ஓடப்போவதோ பத்துப் பேர். போட்டி நாள் காலையிற்கூடப் பெயர் மாற்றலாம். எனவே நான்கு ஆண்டுகள் உழைத்த ஒரு மாணவன், ஒருமுறையேனும் ஓடாமலே பட்டம் பெற்று வெளியேறுவதுண்டு. அத்தகையோர் என்ன செய்கின்றனர் தெரியுமா? ஓடுபவனின் மேலங்கியை வாங்கிக்கொள்கின்றனர். குறித்த இடத்தில் தண்ணீர்ப் புட்டியுடன் காத்திருந்து, தோழன் வரும்போது சிறிது தூரம் அவனோடு கூடவே ஓடி, தண்ணீரைக் கொடுத்து, காதில் ஊக்கமொழி கூறி அனுப்புகின்றனர். சில வினாடிகளே நீடிக்கும் அக்காட்சியைக் கண்டு கலங்காத தாய்மார் அந்நாட்டில் இலர்.

குளிர்காலத்தில் ஓடுவோர்க்குத் தண்ணீர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வெயிலில் தாகம் நம்மை எச்சரிக்கும். குளிரில் தாகம் உறங்கிவிடும். ஆனால் உடல் வியர்த்துக்கொண்டேயிருக்கும். வறண்ட காற்றில் ஒவ்வொரு மூச்சோடும் ஈரம் வெளியேறும். நனைந்த மேற்சட்டையில் காற்று மோதும்போது உடற்சூடு விரைந்து குறையும். தசைகளில் சேமித்த மாவுச்சத்தும் தீர்ந்துவிட்டால், உடலைச் சூடாக வைத்திருக்கும் ஆற்றலும் போய்விடும். கால்கள் தள்ளாடும், பார்வை மங்கும், தான் எங்கே ஓடுகிறோம் என்பதே ஓடுபவனுக்கு விளங்காது.

இவை அனைத்தும் ஒருங்கே தாக்கும் இடம் ஐந்தாவது பகுதியாகும். ஓடவாராவிலிருந்து ஏரிக்கரைக்குச் செல்லும் அந்த 20.8 கிலோமீட்டரில், சாலை 874 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்திற்கும் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். அடிவாரத்தில் வெயில் காயும்போதே உச்சியில் உறைபனிக் காற்று வீசக்கூடும். ஆகவேதான் ஆயத்தம் என்பது கால்களுக்கு மட்டும் உரியதன்று. கையுறை, கைகளை மூடும் உறை, போட்டிக்கு முன் சில நாட்கள் நிறைவான சோறு, ஓடுவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவு, போதிய உறக்கம், ஓடி முடித்ததும் உலர்ந்த ஆடை ஆகிய சிறு காரியங்களே உயிரைக் காக்கின்றன.

காற்று வீசிய நாள்

2012ஆம் ஆண்டு நிப்பான் விளையாட்டு அறிவியல் பல்கலைக்கழக அணி 19ஆம் இடத்திற்குத் தாழ்ந்தது. பலமுறை வென்ற அணிக்கு அது பெரும் இழுக்கு. அதன்பின் அவர்கள் புதிய வித்தை எதையும் தேடவில்லை. குறித்த நேரத்தில் விளக்கணைத்து உறங்குதல், தவறாமல் காலையுணவு உண்ணுதல், விடுதியையும் சுற்றுப்புறத்தையும் தூய்மையாக வைத்தல் ஆகிய அடிப்படை ஒழுங்குகளுக்கே திரும்பினர். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் தலைவரானார். தகுதிப் போட்டி வழியாக மேலேறி, 2013இல் ஹகோனே மலையில் வீசிய கடுங்காற்றினூடே அத்தலைவரே ஐந்தாம் பகுதியை ஓடி வென்றார். 30 ஆண்டுகளுக்குப் பின் வெற்றி அவ்வணியைச் சேர்ந்தது.

ஒழுங்கின் பயனை எடுத்துக்காட்ட இதனினும் சிறந்த நிகழ்ச்சி வேண்டுவதில்லை. ஆனால் இத்துடன் கதையை முடித்துவிட்டால் பாதி உண்மையைக் கூறியவர்களாவோம். அதே நாள், அதே மலையில், அதே காற்றில், இரு வீரர்கள் விழுந்தனர். ஒருவர் ஜோசாய் பல்கலைக்கழகத்தவர். மற்றவர் 14 முறை வெற்றி கண்ட சுவோ பல்கலைக்கழகத்தவர். அவர்கள் சோம்பேறிகளா? இல்லை. அவர்களும் விடியுமுன் எழுந்தவர்களே. அவர்களும் ஆண்டு முழுவதும் உழைத்தவர்களே. 2007இல் வெற்றி வாகை சூடிய ஜுன்தெண்டோ அணியும் 2008இல் இதே ஐந்தாம் பகுதியில், முடிவிடம் மிக அருகிலிருக்கையில், ஓட்டத்தைக் கைவிட நேர்ந்தது. உழைப்பவன் விழமாட்டான் என்று எவரும் உறுதி கூற இயலாது. உடல் மண்ணாலானது.

அவ்வேளையில் என்ன நிகழ்கிறது? வீரனுக்குப் பின்னால் பயிற்சியாளரின் கார் வந்துகொண்டிருக்கும். பையன் தள்ளாடுவதைக் கண்டதும் அவர் இறங்கி அவனருகே நடந்து வருவார். அவர் கை அவன் உடலில் பட்டால் அணி போட்டியிலிருந்து விலகியதாகும். முன்னே ஓடியோரின் உழைப்பு, பின்னே காத்திருப்போரின் நம்பிக்கை, ஓராண்டுத் தவம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு தொடுதலில் அழிந்துபோகும். அதனால் கை நீளும்; தயங்கும்; மீளும். பையனோ, தொடவேண்டாம் என்று தலையசைத்து, விழுந்து, எழுந்து, மீண்டும் விழுவான். பார்ப்போர், 'ஓடு, ஓடு' என்று ஆரவாரம் செய்வர். ஆரவாரம் செய்வோரில் எவரும் அவனுக்குப் பொறுப்பாளர் அல்லர். பொறுப்பாளர் ஒருவரே. இறுதியில் அவர் அவனை இரு கைகளாலும் தழுவிக்கொள்கிறார். அந்தத் தழுவலே தோல்வி, அதுவே அன்பு.

அடுத்த ஆண்டு உண்டு

1996ஆம் ஆண்டு நான்காம் பகுதியில் இரு அணிகள் இவ்வாறு விலக நேர்ந்தது. அவற்றுள் ஒன்று கனகாவா பல்கலைக்கழக அணி. ஓர் அணி விலகினாலும் அதன் எஞ்சிய வீரர்கள் ஓடலாம். அவர்கள் நேரம் போட்டிக் கணக்கில் சேராது, அவ்வளவே. இடமும் பரிசும் கிட்டாத அவ்வோட்டத்தைத் தோழர்கள் தலைநிமிர்ந்து ஓடி முடிப்பர். அக்கனகாவா அணியே தகுதிப் போட்டியில் மீண்டும் நுழைந்து, 1997இல் தன் வரலாற்றின் முதல் வெற்றியைப் பெற்றது. 1998இலும் வென்றது. நிறுத்தப்பட்டவன் அழிந்துபோகவில்லை; நிறுத்தப்பட்ட அணியும் அழிந்துபோகவில்லை.

அன்புக் குடும்பத்தாரே, நம் பிள்ளைகளும் ஓடுகின்றனர். அவர்கள் தோளிலும் ஒரு பட்டை இருக்கிறது. தந்தை தொட முடியாத படிப்பு, தாய் அடகு வைத்த வளையல், அண்ணன் அனுப்பும் பணம், உற்றார் உறவினரின் எதிர்பார்ப்பு ஆகியவை அதில் ஊறியிருக்கின்றன. அந்தப் பட்டையை மதிக்கக் கற்பிப்பது நம் கடமையே. முன்னோர் சுமந்து வந்ததைத் தானும் சிறிது தூரம் சுமக்க வேண்டும் என்ற உணர்வு இல்லாத பிள்ளை எதற்கும் உதவான். அதற்குரிய ஆயத்தமும் நம் கையில் உள்ளது. தேர்வுக்கு முந்திய இரவு கண்விழித்துப் படிப்பதைவிட, ஆண்டு முழுவதும் நேரத்தோடு உறங்கி, நேரத்தோடு உண்டு, நாள்தோறும் சிறிது சிறிதாகப் படித்தலே மேல் என்பதை அம்மாணவரின் விடுதி நமக்குக் கூறவில்லையா?

ஆனால் பட்டை பிள்ளைக்காக. பிள்ளை பட்டைக்காக அன்று. மகனோ மகளோ உணவை ஒதுக்கி, உறக்கம் இழந்து, பேச்சுக் குறைந்து, முகம் வெளிறித் தள்ளாடும்போது, நாம் தெருவோரம் நின்று 'ஓடு, ஓடு' என்று ஆரவாரம் செய்பவர்களாக இருக்கலாகாது. அதற்கு ஊரார் போதும். பின்னால் வரும் காரில் அமர்ந்திருப்பவர்கள் பெற்றோராகிய நாமே. இறங்கி அருகே நடக்கவேண்டியவர்களும், வேண்டுமாயின் தொட்டு நிறுத்தவேண்டியவர்களும் நாமே. ஓர் ஆண்டு போனால் போகட்டும் என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. நிறுத்தப்பட்டாலும் நீ இவ்வீட்டுப் பிள்ளையே என்பதை, ஓட்டம் தொடங்கு முன்பே அவர்கள் அறிந்திருக்க வேண்டும். விழுந்த பிறகு சொல்லும் ஆறுதலைவிட, ஓடு முன் சொல்லும் உறுதியே பிள்ளையைத் தாங்கும்.

இம்மாதம் ஒருநாள் இரவுணவுக்குப் பின் கனகுரியின் கதையை உங்கள் இல்லத்தில் சொல்லிப் பாருங்கள். 54 ஆண்டுகள் கழித்து ஓட்டத்தை முடித்த அந்த முதியவரைக் கேட்டுச் சிறுவர் சிரிப்பர். சிரித்து முடித்ததும், தண்ணீர்ப் புட்டியுடன் காத்திருந்த அந்த மாணவனைப் பற்றியும் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகள் சற்று நேரம் பேசாதிருப்பர். அப்போது அவர்களிடம், உங்களுக்கு ஏதேனும் சுமையாக இருக்கிறதா என்று மெல்லக் கேளுங்கள். விடை உடனே வராவிட்டாலும், கேட்டதை அவர்கள் மறக்கமாட்டார்கள்.